டிஎன் 69ம் வெளியூர் வண்டியும்

தூத்துக்குடியில் கார் வாங்க நினைத்தால் முதலில் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பது பலருடைய முடிவு. மில்லர்புரத்திலிருந்து பாளையங்கோட்டை ரோட்டைப் பிடித்தால் திருநெல்வேலி. அங்கேயும் நிற்காமல் மதுரைக்கோ, கோயம்புத்தூருக்கோ, நாகர்கோவிலைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ போனால்தான் நல்ல வண்டி நல்ல விலைக்கு அமையும் என்று சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மச்சான் இருக்கிறார். வெளியூர் டீலரிடம் வாங்குவதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் லாபம் இங்கே, ஆபத்து அங்கே என்று மச்சான் கைகாட்டும் இரண்டு இடங்களும் பெரும்பாலும் தவறானவை. வண்டி எந்த ஊரிலிருந்து வந்தாலும் அதன் வரி, பதிவு, பொறுப்பு மூன்றும் அது நிற்கிற வாசலில்தான் வந்து விடியும்.

“தள்ளிப் போனால் விலை குறையும்”

புது வண்டிக்கு ஜி.எஸ்.டி. நாடு முழுவதும் ஒன்றுதான். ஆன்ரோடு விலை மாநிலத்துக்கு மாநிலம் எகிறுவதற்கும் இறங்குவதற்கும் முக்கியக் காரணம் லைஃப் டாக்ஸ். 2023 நவம்பரில் தமிழக அரசு உயர்த்திய விகிதப்படி 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஒன்பது லட்ச ரூபாய் காருக்கு 1,17,000 ரூபாய். பதினோரு லட்சத்துக்குப் போனால் 1,98,000. பில் போடுகிற கடை தூத்துக்குடியில் இருந்தாலும் திருவனந்தபுரத்தில் இருந்தாலும், தூத்துக்குடிப் பதிவான டிஎன் 69 என்று எண் வேண்டுமானால் இந்தத் தொகை தமிழ்நாட்டுக்குத்தான் போகும்.

உண்மையில் குறையக்கூடியது டீலர் தருகிற தள்ளுபடி மட்டும். நிறைய வண்டி விற்கிற பெரிய ஊர் ஷோரூம்கள் டிசம்பரில் தாராளமாக இறங்கி வருவது நிஜம். அந்தத் தாராளத்தின் பின்னால் முற்றத்தில் மாதக்கணக்காக வெயில் காய்ந்த பழைய ஸ்டாக்கும் இருக்கலாம். படிவம் 22ல் வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன்பு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் பஸ் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

இதே நம்பிக்கையின் பெரிய அண்ணன் ஒருவர் உண்டு: “புதுச்சேரியில் பதிவு பண்ணினா டாக்ஸ் மிச்சம்.” அங்கே வரி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பதிய அங்கே ஒரு முகவரி வேண்டும், வண்டியும் வழக்கமாக அங்கே நிற்க வேண்டும். சொகுசுக் கார்களைப் போலி முகவரியில் புதுச்சேரிப் பதிவு செய்ததாக 2017ல் கேரளத்தில் சினிமாக்காரர்கள் வரை விசாரணைக்குப் போனது நினைவிருக்கலாம். நம் ஊரிலிருந்து சென்னைக்கு இரவில் கிளம்பும் ஆம்னி பஸ்களில் நாகாலாந்து எண்ணைப் பார்த்து வியந்தவர்களுக்கு, 2024 ஜூனில் அப்படிப்பட்ட வெளிமாநிலப் பஸ்களைத் தமிழக அரசு நிறுத்தியதும் தெரிந்திருக்கும். பஸ் முதலாளிகளுக்கே கைகொடுக்காத வித்தை இது.

“பன்னிரண்டு மாசம் வரைக்கும் யாரும் கேட்க மாட்டாங்க” என்று வெளிமாநில எண்ணுக்கு ஒரு சமாதானமும் சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவில் இருக்கும் அந்தப் பன்னிரண்டு மாதம் பதிவெண்ணை மாற்றுவது பற்றியது. வரி மாநிலச் சட்டம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

“இன்சூரன்ஸ் போட்டாச்சு, நம்பர் மெதுவா வாங்கிக்கலாம்”

வெளியூரில், குறிப்பாக வெளிமாநிலத்தில் புது வண்டி எடுப்பவர்களை உண்மையிலேயே கவிழ்க்கிற நம்பிக்கை இதுதான். இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

அப்படி வாங்கும்போது டீலர் டிஆர் எனப்படும் தற்காலிகப் பதிவு எடுத்துத் தருவார். 2019 திருத்தத்துக்குப் பிறகு அது அதிகபட்சம் ஆறு மாதம் வரை செல்லலாம், முன்பு ஒரு மாதம்தான். டிஆர் எண்ணோடு ஊருக்கு ஓட்டி வந்து, படிவம் 20, விற்பனைச் சான்றான படிவம் 21, படிவம் 22, இன்சூரன்ஸ், முகவரிச் சான்று எல்லாம் கொடுத்து, வரி கட்டி நிரந்தர எண் வாங்க வேண்டும். இங்கேதான் சோம்பல் புகுந்துகொள்கிறது. நல்ல நாள் பார்ப்பார்கள், ஃபேன்சி நம்பருக்குக் காத்திருப்பார்கள்.

ராஜஸ்தான் ஸ்ரீகங்காநகரைச் சேர்ந்த ஒருவர் 2011ல் ஒரு புது பொலேரோ வாங்கினார். பாலிசி எடுத்தது பக்கத்து மாநிலமான பஞ்சாபில். தற்காலிகப் பதிவு ஜூலை 19ஆம் தேதி முடிந்தது. ஒன்பது நாள் கழித்து ஜோத்பூரில் ஒரு விருந்தினர் விடுதி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார். காலையில் வண்டி இல்லை. பாலிசி உயிரோடு இருந்தது, 6,17,800 ரூபாய்க்குக் காப்பீடும் இருந்தது. நிறுவனம் பணம் தர மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் வரை வாங்கியவர் பக்கமே நின்றது. பத்து வருடம் இழுத்த பிறகு 2021 செப்டம்பர் 30ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது: பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் எடுத்துப் போனதே பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறியதாகும், இழப்பீடு கிடையாது. திருட்டுக்கும் பதிவுக்கும் என்ன தொடர்பு என்று நமக்குக் கேட்கத் தோன்றும். எனக்கும் அந்தத் தீர்ப்பு கடுமையாகத்தான் படுகிறது. ஆனால் சட்டம் இப்போது அதுதான்.

“கடல் காத்து படாத வண்டி”

“அண்ணாச்சி, இது கோயம்புத்தூர் வண்டி, உப்புக் காத்தே பட்டதில்ல” என்று சொல்லும்போதே பழைய கார் விலை பத்தாயிரம் ஏறிவிடும். இதில் அறிவியல் இருக்கிறது. கடல் அலை உடையும் இடத்தில் காற்றில் ஏறும் உப்புத்துளிகள் இரும்பில் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன, குளோரைடு துருவை விரைவுபடுத்துகிறது. கரையோரச் சில நூறு மீட்டரில் உப்பு மிக அதிகம். உள்ளே போகப் போக மளமளவென்று குறைந்துவிடும். பீச் ரோட்டில் தெருவில் நிற்கிற வண்டியும், நகருக்கு மேற்கே மில்லர்புரத்தில் ஷெட்டுக்குள் நிற்கிற வண்டியும் ஒரே டிஎன் 69ஐத் தாங்கியிருந்தாலும் ஒரே வாழ்க்கை வாழவில்லை. முத்தையாபுரம், ஆறுமுகநேரி, வேப்பலோடை உப்பளப் பாதையில் உப்பு ஏற்றி ஓடிய லாரியின் சட்டத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு பாடம் தேவையில்லை.

ஆனால் நம்பிக்கை கவனிக்கத் தவறுவது இதை: தொழிற்சாலையில் உடற்பகுதி முழுவதையும் முக்கி எடுத்து மின்முறையில் ஏற்றும் அடிப்பூச்சுதான் துருவுக்கு எதிரான கவசம். விபத்தில் அடிபட்டு, பட்டறையில் டிங்கரிங் செய்து, வெல்டிங் வைத்து, மேலே பெயின்ட் அடித்த இடத்தில் அந்தக் கவசம் இல்லை. கோயம்புத்தூரில் அடிபட்டுத் தேற்றிய கார் உப்புக் காற்றுக்கு வந்து சேர்ந்ததும், அடிபடாத உள்ளூர் காரைவிட வேகமாகக் கொப்புளம் கட்டும். ஊரைக் கேட்பதைவிட, கதவு விளிம்பையும் பானெட் போல்டுகளையும் பார்ப்பது பயன் தரும். போல்டின் தலையில் ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தால் அந்தப் பாகம் ஒருமுறையாவது கழன்றிருக்கிறது.

உப்புக்குப் பயப்படுகிறவர்கள் வெள்ளத்தை மறந்துவிடுகிறார்கள். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னைக் கார்கள் மூழ்கின. அதே மாதம் 17, 18 தேதிகளில் நம் மாவட்டம் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் நிறுவனங்கள் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு, வண்டியை ஏலத்துக்கு விட்டுவிடும். ஏலம் எடுத்தவர் காயவைத்துத் தேற்றி, வெள்ளச் செய்தி எட்டாத ஊருக்கு அனுப்பினால்தான் அவருக்கு லாபம். ஆகவே தூரத்திலிருந்து வரும் வண்டிக்குச் சந்தேகம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சுருளுக்குள் இருந்த பகுதியை யாரும் துவைப்பதில்லை. தரைவிரிப்பைத் தூக்கி சீட் போல்டுகளையும், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழியையும் பாருங்கள். கார் முழுக்கத் தூக்கலாக வாசனைத் திரவியம் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

“பணம் கொடுத்தாச்சு, வண்டி நம்மது”

பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடைகளில் ஓப்பனாகக் கையெழுத்து வாங்கி வைப்பது பழைய பழக்கம். படிவம் 29, 30 இரண்டிலும் பழைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் இருக்கும், வாங்குபவர் பெயர் காலி. வண்டி நான்கு கை மாறினாலும் ஆர்.சி. புக்கில் முதல் பெயரே நிற்கும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில் வண்டி அப்படிப் பல கை மாறியிருந்தது. விபத்தில் ஓர் உயிர் போனது. இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஆள் தலையில் விழுந்தது. வண்டியை அவர் விற்று ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஆக, நம் ஊர்க்காரர் மதுரைக் கடைக்கு வண்டியை விற்கும்போதும் இதே ஆபத்துதான். விற்றவர் மாநிலத்துக்குள் என்றால் 14 நாளில், வெளிமாநிலம் என்றால் 45 நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்களுக்கு அங்கீகாரச் சான்று முறை வந்திருக்கிறது. வண்டியைக் கடையில் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் பதிவு செய்தால், அதை அவர் விற்கும் வரை பொறுப்பு டீலருடையது. இந்தப் படிவத்தின் பெயரைச் சொன்னால் எத்தனை கடையில் தலையாட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

பெயர் யாருடையது என்ற பாடத்தைத் தூத்துக்குடி 1906லேயே படித்துவிட்டது. வ.உ.சிதம்பரனாரின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி முதலில் ஓட்டியது பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த கப்பல்களை. பிரிட்டிஷ் கம்பெனி நெருக்கியதும் அவர்கள் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்துச் சமாளித்த பிறகுதான், காலியா, லாவோ என்ற இரண்டையும் கம்பெனியின் பெயரிலேயே வாங்கினார்கள். அவர் சொந்தப் பணத்தில் கப்பல் வாங்கினார் என்பதும் ஊரில் உலவும் நம்பிக்கைதான். 25 ரூபாய் பங்குகளாக ஊர் ஊராகத் திரட்டிய முதல் அது.

இப்போதைய மலிவுச் சரக்கு டெல்லிக் கார். தலைநகர்ப் பகுதியில் பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் வண்டிகளுக்கு 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018ல் உச்ச நீதிமன்றமும் நிலைநிறுத்திய பிறகு அங்கே விலை சரிந்து, வண்டிகள் தெற்கே இறங்கத் தொடங்கின. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் டெல்லி ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும், அதில் எந்த ஊர் ஆர்.டி.ஓ.வுக்கு என்று எழுதியிருக்கும். கடன் முடிந்து, ஆர்.சி.யில் எச்.பி. எனப்படும் கடன் பதிவு கேன்சல் ஆகியிருக்க வேண்டும். வண்டி வயதுக்கேற்ற லைஃப் டாக்ஸை இங்கே திரும்பக் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்ப வாங்குவது தனிக் கதை. வாகன் தளத்தில் எண்ணைப் போட்டால் கடன், எஃப்.சி., இன்சூரன்ஸ், கறுப்புப்பட்டியல் எல்லாம் தெரியும். பாக்கி அபராதத்தை இ-சலான் தளம் காட்டும்.

சின்ன நம்பிக்கைகள் சில. வாங்கிய கடையில்தான் சர்வீஸ் விட வேண்டும் என்பது தவறு. கம்பெனி வாரண்டி நாடெங்கும் அங்கீகரித்த எந்த சர்வீஸ் சென்டரிலும் செல்லும், ஆனால் டீலர் தன் பெயரில் கொடுத்த உறுதிமொழி அவர் கடை வாசலோடு சரி. பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ் வண்டியோடு சேர்ந்து வராது, அது ஆளுக்குச் சொந்தம். ராணுவத்தில் மாறுதல், அவசரமாக ஸ்கூட்டரைப் பாதி விலைக்கு விற்கிறேன், பார்சல் செலவு மட்டும் முதலில் அனுப்பு என்று ஆன்லைனில் பேசுபவர் ராணுவத்திலும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேச வேண்டும்.

கடைசியாக, “வெளியூர்க்காரன் ஏமாத்தினா கேஸ் போட அங்கதான் அலையணும்.” பழைய 1986 சட்டத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 50 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்கு மாவட்ட ஆணையம் போதும், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. டீலர் பில்லில் ‘அந்த ஊர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். துறைமுகத்துக்கு ஓட நாமக்கல்லில் டிரெய்லர் வாங்குகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தன் பிழைப்புக்காகத் தானே வைத்து ஓட்டும் ஒரு வண்டி என்றால் அவர் நுகர்வோர். பத்து வண்டி ஆள் போட்டு ஓட்டும் முதலாளி என்றால், வணிக நோக்கம் என்று ஆணையம் திருப்பி அனுப்பிவிடும். அவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.