தொலைந்த நிதியும் அறிந்த அடையாளமும்

நவதிருப்பதிகளுள் ஒன்றாகிய திருக்கோளூரில் மரக்காலைத் தலையணையாகக் கொண்டு பள்ளிகொண்டருளும் எம்பெருமானுக்கு வைத்தமாநிதி என்பது திருநாமம். நவநிதிகளையும் இழந்த குபேரன் இத்தலத்தில் தவமியற்றி, இழந்தவற்றில் ஒரு பகுதியை மீளப் பெற்றான் என்று தலபுராணம் கூறும். சேமித்து வைத்த செல்வத்தை நிதி என்பது உலக வழக்கு. எம்பெருமானையே நிதி என்பது அடியார் வழக்கு. ஆதலின் இழந்த நிதியைத் தேடுதல் என்பது வைணவ வரலாற்றில் தனிச்சிறப்புடையதோர் அத்தியாயமாகும்.

புதைக்கப்பட்டது ஏன்?

வயலை உழும்போதும், வீட்டுக்குக் கடைகால் தோண்டும்போதும் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்ட செய்திகளைத் தமிழகத்தார் பலமுறை கேட்டதுண்டு. அவற்றுட் பலவும் ஆபத்துக் காலத்தில் காக்கும் பொருட்டு மறைத்து வைக்கப்பட்டவை. மறைத்தவர் மாண்டனர், மறைத்த இடமும் மறந்துபோயிற்று. காவலாக இட்ட மண்ணே பின்னர்த் திரையாயிற்று.

இதனை அறியாதோர் புதையலாசையால் பாழடைந்த கோயில்களில் பீடங்களைப் பெயர்த்தும், மண்டபத் தளங்களைத் தோண்டியும் பெருங்கேடு விளைவித்துள்ளனர். பொன் கிடைக்கும் என்று பெயர்த்த இடத்தில் கிடைத்தது பெரும்பாலும் மண்ணே. அழிந்ததோ முன்னோர் செய்த திருப்பணி. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையல் எதுவாயினும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம்.

திருவரங்கம் இழந்ததும் பெற்றதும்

1323ஆம் ஆண்டு தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, மூலவர் ஸந்நிதியைக் கற்சுவரால் மறைத்துவிட்டு, உத்ஸவரான அழகியமணவாளப் பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு பிள்ளை லோகாசார்யர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். முதுமையில் மேற்கொண்ட அப்பயணத்தில், மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் அவர் பரமபதம் அடைந்தார். அதே கலகத்தில் ஸ்ரீபாஷ்யத்தின் விரிவுரையாகிய ச்ருதப்ரகாசிகையின் சுவடியை ஸ்ரீ வேதாந்த தேசிகர் காத்தளித்தார். பெருமாளின் திருமேனியும், ஆசார்யர்களின் நூலும் அன்று ஒருசேரக் காக்கப்பட்ட நிதிகளாயின.

பெருமாள் மலைநாடு, திருநாராயணபுரம், திருமலை எனப் பல இடங்களில் தங்கி, செஞ்சியை ஆண்ட கோபணாரியரின் முயற்சியால் 1371ஆம் ஆண்டு திருவரங்கம் திரும்பினார். இச்செய்தியைச் சகம் 1293ஆம் ஆண்டுக் கல்வெட்டு உரைக்கின்றது.

ஆயினும் இடர் அத்துடன் தீர்ந்திலது. சற்றேறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழிந்தமையால் பெருமாளை முன்பு ஸேவித்தவர் அரியராயினர். அதற்குள் வேறோர் உத்ஸவ மூர்த்தியும் பிரதிஷ்டை செய்யப்பட்டிருந்தார். இருவருள் முன்னவர் யார் என்று ஐயம் எழுந்தது. அப்போது முன்னாளில் பெருமாளின் திருப்பரிவட்டங்களைத் துவைத்துவந்த, கண்ணொளி இழந்த முதியவரான ஈரங்கொல்லி ஒருவர் அழைக்கப்பட்டார். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடைத் தீர்த்தத்தை அவருக்கு அளித்தனர். அதனைப் பருகிய அளவில் பழைய மணத்தை உணர்ந்து, மீண்டு வந்தவரையே நம்பெருமாள் என்று அவர் காட்டினார். அன்று முதல் அதுவே திருநாமமாயிற்று எனக் கோயிலொழுகு கூறும். மற்றவர் திருவரங்கமாளிகையார் என்னும் திருநாமத்துடன் இன்றும் எழுந்தருளியுள்ளார்.

கல்வெட்டும் அரசாணையும் தீர்க்க இயலாத ஐயத்தை, அன்றாடக் கைங்கர்யத்தால் பழகிய ஓர் எளியவரின் அறிவு தீர்த்தது.

நம் காலத்துச் சான்று

இருபதாம் நூற்றாண்டில் பகைவர் படையின் இடத்தைக் களவாணிகள் பிடித்தனர். 1978ஆம் ஆண்டு ஆனந்தமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலிலிருந்து ராமபிரான், ஸீதாப்பிராட்டி, இளைய பெருமாள் திருமேனிகள் களவாடப்பட்டன. 1958ஆம் ஆண்டிலேயே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அவற்றைப் புகைப்படம் எடுத்து வைத்திருந்தனர். அப்படங்களே அடையாளம் காட்ட, 2020ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து மூவரும் தாயகம் மீண்டனர்.

கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோயிலின் திருமங்கையாழ்வார் திருமேனி வரலாறு இன்னும் வியப்புடையது. பெருமாளையே வழிமறித்து ஆபரணங்களைக் கவர முயன்று, திருமந்திரம் என்னும் நிதியைப் பெற்றவர் ஆழ்வார். அவருடைய திருமேனியே கவரப்பட்டு, 1967ஆம் ஆண்டு லண்டன் ஏலத்தில் ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தால் வாங்கப்பட்டது. கோயிலில் இருந்ததோ போலி. 1957ஆம் ஆண்டுப் புகைப்படத்துடன் ஒப்பிட்டபோது உண்மை துலங்கிற்று. திருமேனியைத் திருப்பி அளிப்பதற்கு அப்பல்கலைக்கழகம் 2024ஆம் ஆண்டு இசைந்தது.

அடியார் கடமை

அன்று ஈரவாடையின் மணம். இன்று ஒரு பழைய புகைப்படம். இரண்டும் உணர்த்துவது ஒன்றே: அடையாளம் அறிந்தவர் உள்ளவரையில் எந்த நிதியும் முற்றிலும் தொலைவதில்லை. எவரும் உற்று நோக்காத திருமேனி, கோயிலுக்குள் இருந்தும் பாதி தொலைந்ததே.

ஆதலின் உத்ஸவம் ஸேவிக்க வந்த அன்பர்கள், தத்தம் ஊர்ப் பெருமாளின் திருநாமம், திருக்கோலம், திருக்கைகளின் அமைப்பு, திருவாபரணங்கள் ஆகியவற்றை நன்கு நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். அவற்றைச் சிறுவர்க்கும் சொல்லித்தரல் வேண்டும். பூஜை குறைந்த சிற்றூர்க் கோயில்களில் மாதம் ஒருமுறையேனும் விளக்கேற்றி ஸேவித்தல் வேண்டும். நிலத்தில் திருமேனி வெளிப்படின் மறைக்காது அரசுக்கு அறிவித்தல் வேண்டும்.

கண்ணாரக் கண்டு பழகிய அடியார் கூட்டமே எம்பெருமானாகிய வைத்தமாநிதிக்கு வாய்த்த காவல். அக்காவல் வழிவழி வளர்வதாக!