12 வோல்ட் காட்டுகிறது; பிறகு ஏன் ஓடவில்லை?
மின்சுற்றில் பழுது கண்டறிதல்: ஒரு பழைய அம்பாசிடர் தந்த பாடம்

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடம் முடிந்ததும் மாணவர்கள் ஓம் விதியைப் பிழையின்றி எழுதுகிறார்கள், கணக்கும் போடுகிறார்கள். ஆனால் மங்கலாக எரியும் ஒரு விளக்கைக் காட்டி, 'பழுது எங்கே?' என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டே விடைகள்தான் வருகின்றன. பேட்டரி போய்விட்டது, இல்லையென்றால் ஒயர் அறுந்துவிட்டது. பேட்டரி நன்றாக இருந்து, ஒயரும் அறுபடாமல் இருந்தும் கருவி சரியாக இயங்காமல் போகலாம் என்ற மூன்றாவது விடை அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அந்த விடையை அவர்களே கண்டுபிடிக்க உதவிய ஒரு செயல்பாட்டை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கேள்வி

நான் மயிலாப்பூர்ப் பகுதியில் அறிவியல் கற்பிக்கிறேன். என் மாணவர் ஒருவரின் தந்தை, திருமணங்களுக்கும் படப்பிடிப்புகளுக்கும் தம் பெட்ரோல் அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டுகிறார். வண்டி சில நாட்களாகச் செல்ஃப் எடுக்கவில்லை. புதிய பேட்டரி போட்டார்; செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்தார். ஒரு மாத வருமானம் அதிலேயே போயிற்று. மூன்று முகூர்த்த நாட்களின் வாடகையும் கைவிட்டுப் போனது. மாணவர் வகுப்பில் கேட்டார்: "சார், பேட்டரியில மீட்டர் வச்சா 12 வோல்ட்டுக்கு மேலயே காட்டுது. அப்புறம் ஏன் சார் செல்ஃப் எடுக்கல?"

பாடநூலின் மையமே இந்தக் கேள்வியில் இருந்தது. உடனே விடை சொல்லாமல் வகுப்பிடமே விட்டேன்.

திரும்பி வரும் வழி எது?

முதலில் சுற்றை வரையச் சொன்னேன். பேட்டரியின் நேர்முனையிலிருந்து தடித்த ஒயர் ஒன்று செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. திரும்பி வரும் ஒயரைக் காணோம். 'ஒரே ஒயர்தான் என்றால் சுற்று எப்படி நிறைவடையும்?' என்று ஒரு மாணவி கேட்டார். வண்டியின் இரும்பு உடலே திரும்பும் வழி. இதைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள். செம்பு ஒயர் பாதி மிச்சம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதிர்வைத் தாங்குவதற்காக எஞ்சினை ரப்பர் தாங்கிகளின் மேல் பொருத்தியிருப்பார்கள். ரப்பர் மின்கடத்தாப் பொருள். எனவே எஞ்சினையும் வண்டி உடலையும் இணைக்கப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று தேவை. செல்ஃப் மோட்டார் எஞ்சினோடு பொருத்தப்பட்டிருப்பதால், அதன் மின்னோட்டம் முழுவதும் இந்தப் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும்.

நம் ஊரின் காற்றையும் இங்கே பேசலாம். சாந்தோம், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்பு கலந்த ஈரக்காற்று இணைப்புகளை அரிக்கிறது. செம்பில் பச்சை படிகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைப் பகுதிகளில் மூழ்கிய வண்டிகளைப் பல மாணவர்கள் வீட்டுப் பேச்சில் கேட்டிருக்கிறார்கள். உலோக அரிமானப் பாடத்தை மின்னோட்டவியலோடு இணைக்க இது நல்ல வாய்ப்பு.

அளவீடு

தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு சனிக்கிழமை வண்டி பள்ளி வளாகத்துக்கு வந்தது. மந்தைவெளியில் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் மீட்டரைப் பிடித்தார். மாணவர்கள் தள்ளி நின்று குறிப்பெடுத்தனர். எஞ்சின் ஓடத் தொடங்காமலிருக்க இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒவ்வொரு முறையும் சில நொடிகள் மட்டும் செல்ஃப் போட்டார். ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன்பு, என்ன எண் வரும், ஏன் என்று மாணவர்கள் எழுத வேண்டும் என்பதே விதி.

செல்ஃப் போடாதபோது பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது. செல்ஃப் போடும்போது கிடைத்தவை:

பேட்டரி முனைகளுக்கிடையே 11.0 வோல்ட்
பேட்டரி நேர்முனைக்கும் மோட்டார் முனைக்கும் இடையே 0.4 வோல்ட்
மோட்டார் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே 7.5 வோல்ட்
எஞ்சினுக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் இடையே 3.1 வோல்ட்

கடைசி மூன்றையும் கூட்டினால் சரியாக 11.0. தொடர் இணைப்பில் மின்னழுத்த வேறுபாடுகள் கூடும் என்பதை மாணவர்கள் ஒரு வண்டியில் கண்டார்கள். மோட்டாருக்குப் போக வேண்டிய 3 வோல்ட் திரும்பும் வழியில் எங்கோ செலவாகிறது என்பதும் தெரிந்தது.

எலக்ட்ரீஷியன் அந்த வழியை இரண்டாகப் பிரித்தார். உடலிலிருந்து பேட்டரி எதிர்முனை வரை 0.1 வோல்ட். எஞ்சினிலிருந்து உடல் வரை 3.0 வோல்ட். பழுது செம்புப் பட்டையில். செல்ஃப் போட்டபின் அதன் முனையைத் தொட்டுப் பார்த்தவர், "சூடா இருக்கு பாருங்க" என்றார். மின்னோட்டத்தின் வெப்பவிளைவை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கரும்பலகைக் கணக்கு

இத்தகைய மோட்டார் 100 ஆம்பியருக்கும் மேல் எடுக்கக்கூடியது. 150 ஆம்பியர் என்று கொள்வோம். 3 வோல்ட்டை 150 ஆல் வகுத்தால் பட்டையின் மின்தடை 0.02 ஓம் மட்டுமே. பள்ளி மல்டிமீட்டரின் ஓம் அளவையில் இது தெரியாது. மீட்டர் ஒயர்களின் மின்தடையே இதைவிடப் பெரிது. ஆனால் வீணாகும் திறன் 3 × 150 = 450 வாட்.

செல்ஃப் போடாதபோது மின்னோட்டம் இல்லை. சுழியத்தை எந்த மின்தடையால் பெருக்கினாலும் சுழியமே. அதனால் பழுது ஒளிந்துகொள்கிறது. 12 வோல்ட் முழுதாகத் தெரிகிறது. மாணவர் கேட்ட கேள்விக்கு விடை இதுவே.

பட்டையை மாற்றி, எஞ்சினிலும் உடலிலும் அது பதியும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் எஞ்சின்–பேட்டரி எதிர்முனை அளவு 3.1 இலிருந்து 0.2 ஆகக் குறைந்தது. மோட்டாருக்கு 9.9 வோல்ட் கிடைத்தது. செல்ஃப் வேகமாகச் சுழன்றது. ஆனால் பேட்டரி முனைகளில் 11.0 இருந்த இடத்தில் இப்போது 10.6. 'சரி செய்தபின் பேட்டரி அளவு ஏன் குறைந்தது?' என்று மாணவர்கள் கேட்டதுதான் அன்றைய சிறந்த கேள்வி. மின்தடை குறைந்ததால் மின்னோட்டம் கூடியது. பேட்டரியின் அகமின்தடையில் இழப்பும் கூடியது. மேல்நிலை வகுப்பில் வரும் கருத்து, கேள்வியாகவே அவர்களிடம் வந்து சேர்ந்தது.

வகுப்பறையில் செய்ய

வண்டி கிடைக்காத பள்ளியிலும் இதைச் செய்யலாம். 1.5 வோல்ட் மின்கலன்கள் இரண்டு, 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர் டார்ச் பல்பு, 5 ஓம் அளவிலான மின்தடை ஒன்று, மல்டிமீட்டர் போதும். மின்தடையை ஒரு தீப்பெட்டிக்குள் மறைத்துச் சுற்றின் ஒரு பக்கத்தில் இணையுங்கள். பல்பு மங்கலாக எரியும். பல்பைக் கழற்றிவிட்டு அதன் தாங்கியில் அளந்தால் ஏறத்தாழ 3 வோல்ட் முழுதும் காட்டும். பல்பை மாட்டிவிட்டு அளந்தால் பல்பில் சுமார் 2 வோல்ட், தீப்பெட்டியில் சுமார் 1 வோல்ட். இழையுள்ள பல்பையே பயன்படுத்துங்கள். மிகக் குறைந்த மின்னோட்டமே எடுக்கும் எல்.இ.டி. இந்தப் பழுதைக் காட்டிக்கொடுக்காது.

எலக்ட்ரீஷியன்கள் மீட்டர் இருந்தும் டெஸ்ட் லேம்ப் வைத்திருப்பது ஏன் என்று இதன்பின் கேளுங்கள். விளக்கு மின்னோட்டத்தை இழுத்துச் சோதிக்கிறது. மீட்டர் ஏறக்குறைய எதையும் இழுப்பதில்லை.

பாதுகாப்பு

கார் பேட்டரியை மாணவர்கள் கையாளக் கூடாது. ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்; மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். மோதிரம், வளையல் அணிந்து அருகில் செல்லக் கூடாது. எதிர்முனை உடலோடு இணைந்த வண்டிகளில் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். காரணத்தை மாணவர்களிடமே கேட்கலாம்: நேர்முனையில் ஸ்பானர் வைத்திருக்கும்போது அதன் மறுமுனை வண்டி உடலில் பட்டால் என்ன ஆகும்?

மதிப்பீடு

இப்போது என் வகுப்பில் மின்சுற்று வினாக்களுக்கு மூன்று கட்டங்கள் உள்ளன: எங்கே அளப்பேன், என்ன எண் வரும் என்று நினைக்கிறேன், வேறு எண் வந்தால் அதற்கு என்ன பொருள். எண் தவறினாலும் மூன்றாவது கட்டம் சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு. தையல் இயந்திர மோட்டார், மிக்சி, வீட்டு அழைப்புமணி என்று மாணவர்கள் தங்கள் வீட்டுப் பழுதுகளைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டு மின்சாரத்தில் கை வைக்காமல், சுற்றைத் தாளில் வரைந்து கேள்வியாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வகுப்பிலும் ஒரு தீப்பெட்டியோடு தொடங்கிப் பாருங்கள்.