ஐன்ஸ்டீன் லேட்டாகப் பேசினாரா? பிள்ளைகளோடு ஒரு விசாரணை

"ஐன்ஸ்டீனே நாலு வயசு வரைக்கும் பேசலையாம் டாக்டர். நம்ம பையனும் பேசிடுவான்!"

மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்த வசனத்தைக் கேட்டுவிடுகிறேன். சொல்பவர் பெரும்பாலும் குழந்தையின் தாத்தா. இல்லையென்றால் மாமா. பெற்றவள் மட்டும் ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன வருடம் அப்படி ஒரு குழந்தை வந்தது. மூன்று வயது. துறுதுறுவென்று ஓடுகிறான், சிரிக்கிறான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பவில்லை. பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தேன். ம்ஹூம்!

"ஐயா, வசம்பு சுட்டு நாக்குல தடவினா பேச்சு வந்துடும்னு அத்தை சொல்றாங்க..." என்றார் அந்தத் தாய்.

"வசம்பு எங்கேயும் ஓடிடாதும்மா. முதல்ல காதை டெஸ்ட் பண்ணிட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். இரண்டு காதிலும் கேட்கும் திறன் ரொம்பவே குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. ஒரு வருடத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது. தள்ளிப்போட வைத்தது அந்த ஐன்ஸ்டீன் கதைதான்.

வசம்புக்கு 'பிள்ளை வளர்ப்பான்' என்று நம் முன்னோர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் காது கேட்காத குழந்தைக்கு அது பேச்சைக் கொண்டுவந்து தராது. ஒரு சித்த மருத்துவன் இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்!

சரி, விஷயத்துக்கு வருவோம். பெரிய மனிதர்களின் மனசு, மூளை, சிறுவயது பற்றி ஆயிரம் கதைகள் உலவுகின்றன. இவற்றைக் கேட்டதும் நம்பாமல் விசாரிக்கப் பழக்கினால், பிள்ளைகளுக்கு யோசிக்கும் பழக்கம் தானாக வரும். கோடை லீவில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேரை, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிப்பவர்களை, திண்ணையில் உட்கார வைத்து இதை ஒரு பாடமாகவே நடத்துகிறேன். நீங்களும் வீட்டில் செய்யலாம். ஒரு பேப்பரும் பென்சிலும் போதும்.

யார் சொன்னது? எப்போது சொன்னது?

ஐன்ஸ்டீன் பிறந்தது 1879 மார்ச் 14, ஜெர்மனியில் உல்ம் நகரில். அவருடைய பேச்சைப் பற்றி நம்மிடம் மூன்று சாட்சிகள் இருக்கின்றன. பேப்பரில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள்.

முதல் சாட்சி, பாட்டி. பேரனுக்கு இரண்டு வயதானபோது, 1881-ல், ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பிள்ளை எவ்வளவு சமர்த்து, அவனுடைய வேடிக்கையான யோசனைகளைப் பற்றி நாங்கள் திரும்பத் திரும்பப் பேசிக்கொள்கிறோம் என்ற பொருளில் போகிறது கடிதம். பேசாத பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுகிற பாட்டி எழுதுகிற மாதிரியா இருக்கிறது?

இரண்டாவது, தங்கை மாயா. 1924-ல் அண்ணனின் சிறுவயதைப் பற்றி எழுதி வைத்தார். அண்ணனுக்குப் பேச்சு தாமதமாக வந்தது, பேசவே மாட்டானோ என்று வீட்டில் பயந்தார்கள் என்கிறார். ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அதையே உதட்டுக்குள் மெல்லத் திரும்பச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் ஏழு வயது வரை இருந்ததாம். அதே மாயா இன்னொரு சம்பவத்தையும் சொல்கிறார். தங்கை பிறந்தபோது, "உனக்கு விளையாட ஒண்ணு வரப்போகுது" என்று சொல்லி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. குழந்தையைப் பார்த்த ஆல்பர்ட், "இதுக்குச் சக்கரம் எங்கே?" என்று கேட்டானாம்! மாயா பிறந்தது 1881 நவம்பரில். அப்போது ஆல்பர்ட்டுக்கு இரண்டு வயது எட்டு மாதம்.

மூன்றாவது சாட்சி ஐன்ஸ்டீனே. 1954-ல், எழுபத்தைந்து வயதில் ஒரு கடிதத்தில் சொல்கிறார்: நான் தாமதமாகப் பேச ஆரம்பித்ததால் பெற்றோர் கவலைப்பட்டு டாக்டரிடம் காட்டினார்கள், அப்போது எனக்கு மூன்று வயதுக்குக் குறைவாக இருக்காது என்று.

இதை வாசித்து முடித்ததும் திண்ணையில் ஒரே ரகளை! "சக்கரம் எங்கேன்னு கேட்டா அது பேச்சுதானே சார்?" என்றாள் ஒரு பெண். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் விடவில்லை. "தங்கச்சிக்கு அது எப்படித் தெரியும்? அவ அன்னிக்குத்தானே பொறந்தா!"

சபாஷ்! மாயா கண்ணால் பார்த்த சாட்சி இல்லை. அம்மா அப்பா சொல்லக் கேட்டதை நாற்பது வருடம் கழித்து எழுதியவர். ஐன்ஸ்டீனும் அப்படித்தான், தன் மூன்று வயதை யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அந்தச் சமயத்திலேயே எழுதப்பட்டது பாட்டியின் கடிதம் ஒன்றுதான். ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. 'வேடிக்கையான யோசனை' என்பது பேச்சாகத்தான் இருக்க வேண்டுமா? சேஷ்டையாகவும் இருக்கலாமே!

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வார்த்தைகள் வந்திருக்கும், முழு வாக்கியமாகப் பேசுவதுதான் மெதுவாக வந்திருக்கும். அப்படிப் பார்த்தால் மூன்று சாட்சிகளும் ஒத்துப்போகிறார்கள். இது என் ஊகம்தான். ஆனால் 'நாலு வயது வரை வாயே திறக்கவில்லை' என்பதற்கு இந்த மூவரில் ஒருவர்கூட ஆதாரம் தரவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பெற்றோர் "தானாகப் பேசுவான்" என்று சும்மா இருக்கவில்லை. டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள்! கதை சொல்லும் தாத்தாக்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

பார்க்காத பக்கம்

அடுத்த கேள்வி கொஞ்சம் நுணுக்கமானது. தாமதமாகப் பேசிய ஐன்ஸ்டீனை நமக்குத் தெரியும். தாமதமாகப் பேசிய மற்ற குழந்தைகள் என்ன ஆனார்கள்? அவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. 2001-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தாமஸ் சோவெல், தாமதமாகப் பேசும் கெட்டிக்காரக் குழந்தைகளைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு 'ஐன்ஸ்டீன் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்தார். அப்படிக் குழந்தைகள் இருக்கிறார்கள், உண்மை. தாமதமாகப் பேசும் பிள்ளைகள் பலர் பிறகு மற்றவர்களோடு சேர்ந்துகொள்வதும் உண்மை. ஆனால் உங்கள் மடியில் இருக்கும் குழந்தை அந்தக் கூட்டமா, காது கேட்காத கூட்டமா, ஆட்டிசம் உள்ள கூட்டமா என்பதை ஐன்ஸ்டீன் வந்து சொல்ல முடியாது. பரிசோதித்தால்தான் தெரியும்.

பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை, இரண்டு வயதில் "அம்மா தா", "பால் வேணும்" மாதிரி இரண்டு வார்த்தை சேர்த்துச் சொந்தமாகப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, பேசிய பேச்சு நின்றுபோனது. இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். முதலில் காது, பிறகு குழந்தை நல மருத்துவர்.

கணக்கில் ஃபெயிலா?

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த கதை இது. மார்க் குறைந்தால் உடனே ஐன்ஸ்டீனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்! 1935-ல், இந்தச் செய்தி வந்த பத்திரிகைத் துணுக்கை அமெரிக்காவில் ஒருவர் ஐன்ஸ்டீனிடமே காட்டினார். அவர் சிரித்துவிட்டு, கணக்கில் நான் தோற்றதே இல்லை, பதினைந்து வயதுக்கு முன்பே கால்குலஸ் படித்து முடித்துவிட்டேன் என்றாராம்.

நடந்தது என்ன? 1895-ல், பதினாறு வயதில், ஜூரிக் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வு எழுதினார். மற்ற மாணவர்களைவிட இரண்டு வயது சின்னவர். கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மார்க். பிரெஞ்சு மாதிரிப் பாடங்கள் காலை வாரிவிட்டன, இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் ஆராவ் பள்ளியில் வாங்கிய சான்றிதழில் அல்ஜீப்ராவுக்கும் ஜியோமெட்ரிக்கும் 6. ஜெர்மனியில் 1-தான் உயர்ந்த மார்க், 6 மோசம். சுவிட்சர்லாந்தில் நேர் தலைகீழ், 6-தான் உச்சம்! ஊர் மாறிப் படித்தால் மேதை மக்காகிவிடுவார். நம் ரேங்க் கார்டிலும் அப்படித்தானே? ரேங்க் 1 என்றால் கொண்டாட்டம், மார்க் 1 என்றால் முதுகில் டின்.

மூளையை வெட்டிப் பார்த்தார்கள்

ஐன்ஸ்டீன் 1955 ஏப்ரல் 18-ல் பிரின்ஸ்டனில் காலமானார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் தாமஸ் ஹார்வி மூளையை எடுத்து வைத்துக்கொண்டார். எடை 1230 கிராம். சராசரி ஆண் மூளையைவிடக் கொஞ்சம் குறைவுதான்!

1985-ல் மரியான் டயமண்ட் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் அந்த மூளைத் துண்டுகளை ஆராய்ந்தார்கள். நாலு இடங்களைப் பார்த்ததில், இடதுபக்கம் ஓரிடத்தில், நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் கிளையல் செல்களின் விகிதம் அதிகம் என்று எழுதினார்கள். உடனே 'மேதையின் ரகசியம் கண்டுபிடிப்பு' என்று உலகமே பேசியது. ஒப்பிடப் பயன்பட்டவை எத்தனை மூளை தெரியுமா? பதினொன்று. மேதை மூளை ஒன்றே ஒன்று.

இந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். பிளஸ் டூ மாணவி ஒருத்தி கேட்டாள்: "நம்ம ஆறு பேர் மூளையையும் எடுத்துப் பார்த்தா, ஒவ்வொண்ணுலயும் எங்கேயாவது ஒரு வித்தியாசம் இருக்கத்தானே செய்யும் அங்கிள்?" இன்னொருவன், "அப்படியே பொறந்தாரா, யோசிச்சு யோசிச்சு அப்படி ஆச்சா?" என்றான். இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே ஒரு மூளையை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது.

நாடி பிடிக்காமல் நோய் சொல்லலாமா?

2003-ல் இங்கிலாந்தில் இரண்டு பேராசிரியர்கள், ஐன்ஸ்டீனுக்கும் நியூட்டனுக்கும் ஆஸ்பெர்கர் என்ற ஆட்டிச வகை இருந்திருக்கலாம் என்றார்கள். வேறு நிபுணர்கள் மறுத்தார்கள். ஐன்ஸ்டீனுக்கு நல்ல நகைச்சுவை உண்டே என்பது அவர்கள் வாதம்.

எங்கள் சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நோயாளி எதிரே உட்கார்ந்திருந்தால்தான் இது நடக்கும். செத்துப் போனவருக்கு யார் நாடி பிடிப்பது?

உயிரோடு இருப்பவர் விஷயத்திலும் இந்தக் கூத்து நடந்தது. 1964 அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் பாரி கோல்ட்வாட்டர் போட்டியிட்டார். அவருக்கு மனநிலை சரியா என்று ஒரு பத்திரிகை மனநல மருத்துவர்களிடம் தபாலில் கேட்டது. 1189 பேர் 'பதவிக்குத் தகுதியில்லை' என்று பதில் எழுதினார்கள். நேரில் பரிசோதிக்காமலேயே! கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், நேரில் பரிசோதிக்காமல், அனுமதி பெறாமல் எந்தப் பிரபலத்துக்கும் நோய்ப்பெயர் சூட்டக் கூடாது என்று விதியே கொண்டுவந்தது.

வீட்டிலும் இதே விதியைப் போடலாம். "அந்த நடிகர் சைக்கோ", "பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டிசம்" என்று பிள்ளைகள் பேசும்போது, "நீ எதைப் பார்த்தே?" என்று கேளுங்கள், போதும். பார்த்ததை மட்டும் சொல்லட்டும், பெயர் வைக்க வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கேஸ் தருகிறேன். பினியாஸ் கேஜ், அமெரிக்க ரயில்பாதைத் தொழிலாளி. 1848 செப்டம்பர் 13 அன்று வெடிமருந்து வெடித்து, ஒரு இரும்புக் கம்பி கன்னத்தின் வழியாகப் புகுந்து மண்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. ஆள் பிழைத்துவிட்டார்! குணமே மாறி முரடனாகி, உருப்படாமல் போனார் என்று மனோதத்துவப் புத்தகங்கள் பலவற்றில் எழுதியிருக்கும். அவருக்குச் சிகிச்சை தந்த டாக்டர் ஹார்லோ, குணமாற்றத்தை விரிவாக எழுதியது 1868-ல். கேஜ் இறந்தது 1860-ல். நடுவில் பல வருடங்கள் அவர் சிலி நாட்டில் கோச் வண்டி ஓட்டினார். பல குதிரைகளைக் கட்டி, பயணிகளை ஏற்றிக்கொண்டு, மலைப் பாதையில்.

யார் பார்த்தது, எப்போது எழுதியது, எது ஒட்டவில்லை? உங்கள் பிள்ளைகள் கேட்கட்டும்.