மோட்டார் காரில் பாட்டரிக் கோளாறும் எச்சரிக்கை விளக்கும்

மோட்டார் கார் இக்காலத்து விவசாயிக்கு ஓர் ஆடம்பரப் பொருளன்று. விதையும் மருந்தும் வாங்கி வருவதற்கும், சந்தைக்குச் சென்று விலை விசாரிப்பதற்கும், இரவு வேளையில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதற்கும் அது உதவுகின்றது. அத்தகைய வண்டி அவசர சமயத்தில் கிளம்ப மறுக்குமாயின், அதனால் நேரும் நஷ்டத்தைப் பணத்தால் மட்டும் அளவிட இயலாது. இவ்விதம் வண்டியை நிறுத்திவிடும் கோளாறுகளுள் அடிக்கடி காணப்படுவது பாட்டரியைச் சார்ந்ததாகும்.

வண்டியின் முகப்பில் பாட்டரி வடிவமுள்ள சிவப்பு விளக்கு எரிந்தவுடன், பாட்டரி கெட்டுவிட்டதென்று தீர்மானித்துப் புதியதொன்றை வாங்கிப் பொருத்துவோர் பலர். சில நாட்களில் அப்புதிய பாட்டரியும் சக்தியிழந்து நின்றுவிடும். காரணம் யாதெனில், அவ்விளக்கு பாட்டரியின் நிலைமையைக் கூறுவதன்று. பாட்டரிக்கு மின்சாரம் வந்து சேருகிறதா என்பதையே கூறுவதாகும். இவ்வேற்றுமையை அறிந்துகொண்டு, எதையும் மாற்றுவதற்கு முன்பு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையில் வற்புறுத்தப்படும் விஷயம்.

1. மின்சார அமைப்பு

ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட பாட்டரியை 1859-ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்துக் காஸ்டன் பிளாந்தே என்பவர் கண்டுபிடித்தார். 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் கார்களில், அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டது. அதன் பின்னர் இஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றும் தொல்லை நாளடைவில் நீங்கிற்று. ஆனால் கிளம்புவதற்குப் பாட்டரியையே முற்றிலும் நம்பவேண்டியதாயிற்று.

இவ்வமைப்பைத் தோட்டத்து நீர்ப்பாசனத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். பாட்டரி என்பது தண்ணீர்த் தொட்டி. இஞ்சின் ஓடும்போது பெல்ட்டினால் சுழலும் ஆல்டர்னேட்டர் என்பது கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் பம்பு. விளக்குகளும் குளிர்சாதனமும் மற்றக் கருவிகளும் நீர் பாயும் வயல்கள். ஸ்டார்ட்டரோ ஒரு சில விநாடிகளில் தொட்டியின் மடையை முழுவதும் திறந்துவிடுவது போன்றது. நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரத்தை அது ஒரே சமயத்தில் இழுக்கும். பம்பு நின்றுபோனால் புதிய தொட்டி கட்டுவதில் பயனில்லை. தொட்டியில் ஓட்டை இருந்தால் பம்பை மாற்றுவதிலும் பயனில்லை. குறை எங்கே உள்ளதென்பதை முதலில் அறியவேண்டும்.

2. விளக்கு கூறும் செய்தி

சாவியைத் திருப்பி, இஞ்சினைக் கிளப்பாமல் இருக்கும்போது சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அப்பொழுது எரியாவிட்டால் பல்பு பழுதுபட்டிருக்கும். அல்லது கம்பி அறுந்திருக்கும். இதைச் சிறு குறையென்று விட்டுவிடலாகாது. பழைய அமைப்புள்ள வண்டிகள் பலவற்றில், இவ்விளக்கின் வழியாகச் செல்லும் சிறிதளவு மின்சாரமே ஆல்டர்னேட்டரை உற்பத்திக்குத் தூண்டுகிறது. ஆதலால் பல்பு ஒன்று கெட்டதனாலேயே பாட்டரிக்கு மின்சாரம் ஏறாமற் போகலாம். புது மாதிரி வண்டிகளில் இவ்விளக்கைக் கம்ப்யூட்டர் இயக்குகிறது.

இஞ்சின் ஓடத் தொடங்கியதும் விளக்கு அணைந்துவிட வேண்டும். வண்டி ஓடும்போது அது எரிந்தால், உடனே பாதையோரமாக நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்தபின் இஞ்சினை அணைத்துவிட்டு, பெல்ட்டைப் பார்வையிட வேண்டும். பல வண்டிகளில் இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ட்டு சுழற்றுகிறது. அவ்வண்டிகளில் பெல்ட்டு அறுந்தபின் ஓட்டிச் சென்றால் இஞ்சின் கொதித்துப் பழுதாகும். சொற்பச் செலவில் முடியவேண்டிய காரியம் இஞ்சினையே பிரித்துச் சரிசெய்யும் பெருஞ்செலவாக முடியும்.

பெல்ட்டு சரியாகவும் வெப்பமானி இயல்பாகவும் இருந்தால், குளிர்சாதனம் முதலியவற்றை நிறுத்திவிட்டு, இடையில் இஞ்சினை அணைக்காமல், பகல் வேளையில் அருகிலுள்ள பட்டறை வரையில் செல்லலாம். இரவில் இம்முயற்சி கூடாது. முகப்பு விளக்குகள் இரண்டும் 55 வாட் ஆனால், அவை மட்டுமே சுமார் 9 ஆம்பியர் மின்சாரத்தைச் செலவிடும். பாட்டரி விரைவில் தீர்ந்து, இருளில் விளக்கும் அணைந்து வண்டியும் நின்றுவிடும்.

பாட்டரி பழையதாகிச் சக்தியைத் தாங்க இயலாமற் போனாலும், ஆல்டர்னேட்டர் ஒழுங்காக வேலை செய்யும் வரையில் சிவப்பு விளக்கு எரியாமலே இருக்கலாம் என்பதையும் கவனிக்கவேண்டும். ஆகவே விளக்கு எரியாததைக் கொண்டு பாட்டரி நன்றாயிருக்கிறதென்றும் எண்ணிவிடலாகாது.

தற்கால வண்டிகளில் பிரேக்கு, ஸ்டியரிங், இஞ்சின் ஆகியவற்றைச் சேர்ந்த எச்சரிக்கை விளக்குகள் பல ஒருங்கே எரிவதுண்டு. அத்தனை பாகங்களும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். மின்னழுத்தம் குறைந்தால் அவற்றின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே குறை கூறும். இத்தருணத்தில் பாட்டரியையும் அதன் முனைகளையும் முதலில் பரிசோதிக்கவேண்டும். எனினும், மின்சாரத்தால் இயங்கும் ஸ்டியரிங் உள்ள வண்டியில் மின்னழுத்தம் குறைந்தால் ஸ்டியரிங் திடீரெனக் கனத்துவிடும் ஆதலின், அவ்விளக்குகளை அலட்சியம் செய்து ஓட்டுதல் தகாது.

3. அளந்து அறிதல்

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருப்பின் போதும். மோட்டார் பம்புகளைப் பழுது பார்க்கும் எலக்ட்ரீஷியன்களிடம் இக்கருவி இருக்கும். வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்து, பாட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே அளந்தால், 12 வோல்ட் பாட்டரியின் நிலைமை ஏறக்குறையப் பின்வருமாறு தெரியும்:

12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் — முழுச் சக்தி
12.4 வோல்ட் — முக்கால் பங்கு
12.2 வோல்ட் — அரைப் பங்கு
12.0 வோல்ட் — கால் பங்கு
11.9 வோல்ட்டும் அதற்குக் கீழும் — தீர்ந்த நிலை

அடுத்து, ஸ்டார்ட்டர் சுழலும்போது அளக்கவேண்டும். முழுச் சக்தியுள்ள நல்ல பாட்டரி, சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டி, ஸ்டார்ட்டரை இயக்கியவுடன் மிகவும் தாழ்ந்துவிடும் பாட்டரி ஆயுள் முடிந்ததென்று கருதத்தக்கது.

மூன்றாவதாக, இஞ்சின் ஓடும்போது அளக்கவேண்டும். பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வோல்ட் வரையில் காட்டும். முகப்பு விளக்குகளைப் போட்டு, இஞ்சினைச் சிறிது வேகப்படுத்தியும் 13 வோல்ட்டுக்குக் கீழே நின்றால், குறை ஆல்டர்னேட்டரிலோ பெல்ட்டிலோ கம்பியிலோ உள்ளது. 15 வோல்ட்டுக்கு மேல் தொடர்ந்து நின்றால் ரெகுலேட்டர் கெட்டு, அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் ஏறுகின்றது. பாட்டரி நீர் விரைவில் வற்றுவதும், அழுகிய முட்டை நாற்றம் வீசுவதும் அதன் அடையாளங்கள். மின்சார உற்பத்தியைக் கம்ப்யூட்டரே கூட்டியும் குறைத்தும் நடத்தும் புதிய வண்டிகளில், ஒரு முறை அளந்ததைக் கொண்டு முடிவு செய்யாமல் சில நிமிஷங்கள் கவனித்துப் பார்க்கவேண்டும்.

மூடி திறக்கக்கூடிய பாட்டரியாயின், ஹைட்ராமீட்டரால் ஆறு அறைகளின் அமிலத்தையும் தனித்தனியே சோதிக்கலாம். ஒப்படர்த்தி 1.260 முதல் 1.280 வரையில் முழுச் சக்தியையும், 1.120 தீர்ந்த நிலையையும் காட்டும். உஷ்ணப் பிரதேசங்களுக்கென்று சிறிது மென்மையான அமிலம் நிரப்பப்படுவதும் உண்டாதலால், செய்தவர் குறித்த அளவையே பின்பற்றுக. ஓர் அறை மட்டும் ஏனையவற்றினும் 0.050-க்கு மேல் குறைந்திருந்தால், அவ்வறை கெட்டதென்று அறியலாம்.

4. குறியும் காரணமும்

(அ) சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஓசை மட்டும் கேட்டு, விளக்குகள் மங்குதல்: பாட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது முனைகளில் பிடி தளர்ந்தோ, வெண்மையும் பச்சையுமான உப்புப் பூத்தோ இருக்கலாம். முனைகளைக் கழற்றி, ஆப்பச் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, உலர்த்தி, இறுகப் பூட்டி, மேலே வாசலைன் தடவுக. அறைகளின் மூடி இறுகியிருக்க வேண்டும். சோடா நீர் உள்ளே இறங்கினால் அமிலம் கெடும். இஞ்சினிலும் வண்டிச் சட்டத்திலும் இணைந்துள்ள எதிர்முனைக் கம்பியையும் பார்வையிட மறவற்க.

(ஆ) விளக்குகள் பிரகாசமாக எரிந்தும் ஸ்டார்ட்டர் அசையாதிருத்தல்: பாட்டரியின் மேல் குற்றமில்லை. ஸ்டார்ட்டரையும், அதன் சுவிட்சையும், கிளட்ச் மிதியைச் சார்ந்த சுவிட்சையும் சோதிக்க.

(இ) இரவில் நன்றாயிருந்த பாட்டரி காலையில் தீர்ந்திருத்தல்: தொட்டியில் ஓட்டை என்பது இதுவே. பின்பெட்டியில் அணையாதிருக்கும் 5 வாட் பல்பு ஒன்று, ஒரு நாளைக்குச் சுமார் 10 ஆம்பியர்–மணி செலவிடும். சிறிய காரின் 35 ஆம்பியர்–மணி பாட்டரி மூன்றரை நாளில் தீர்ந்துவிடும். ஓர் இரவிலேயே தீருமாயின், இதனினும் பெரிய கசிவு உளது; அல்லது பாட்டரியே தளர்ந்துள்ளது. கடிகாரம், கம்ப்யூட்டர் முதலியவற்றிற்காக 50 மில்லி ஆம்பியர் வரையில் செலவாதல் இயல்பு. அவ்வளவே ஆயினும் 30 நாட்களில் 36 ஆம்பியர்–மணி ஆகுமென்பதை, வண்டியை மாதக் கணக்கில் நிறுத்திவைப்போர் நினைவில் வைக்கவேண்டும். கசிவைக் கண்டுபிடிக்க, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி இடையே ஆம்பியர் மீட்டரை இணைத்து, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்து, பின் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவேண்டும். எந்தப் பியூஸை எடுத்ததும் அளவு குறைகிறதோ, அந்த வழியில் குறை உளது. மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட்டரை இயக்கலாகாது.

5. செய்யத் தகாதவை

இஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்த்து ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது, டைனமோ இருந்த காலத்து வழக்கம். இப்பொழுது அவ்விதம் செய்தால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து, ஆல்டர்னேட்டரும் கம்ப்யூட்டரும் ஒருங்கே கெடக்கூடும்.

வேறொரு வண்டியின் பாட்டரியால் கிளப்ப நேர்ந்தால், இரண்டும் 12 வோல்ட் உடையனவாதல் அவசியம். லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட் அமைப்பே உள்ளதால், அவற்றிலிருந்து இணைத்தல் ஆகாது. முதலில் சிவப்புக் கம்பியால் இரு நேர்முனைகளையும் இணைக்க. பின்பு கறுப்புக் கம்பியை நல்ல பாட்டரியின் எதிர்முனையிலும், அதன் மறுநுனியைக் கிளம்பாத வண்டியின் இஞ்சினில், பாட்டரிக்குத் தொலைவான வெற்று இரும்பிலும் மாட்டுக. கிளம்பியதும் நேர்மாறான வரிசையில் கழற்றுக. பாட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு சிறு தீப்பொறியிலும் வெடிக்கும்; ஆதலின் பீடியும் தீக்குச்சியும் அருகே கூடா. பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாளுக. அமிலம் மேலே பட்டால் ஏராளமான நீரால் கழுவுக. கண்ணில் பட்டால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, உடனே டாக்டரிடம் செல்க. மின்சாரத்தால் ஓடும் கார்களில் ஆரஞ்சு நிற உறையுள்ள கம்பிகளை எக்காரணம் கொண்டும் தொடலாகாது.

6. பராமரிப்பு

நீர் ஊற்றும் வகைப் பாட்டரியில், தகடுகள் எப்பொழுதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. கிணற்று நீரிலுள்ள உப்புக்களும் இரும்பும் தகடுகளைக் கெடுக்கும். குறைந்தது நீரேயன்றி அமிலமன்று. ஆதலின் அமிலம் ஊற்றுதல் தவறு. தீர்ந்த பாட்டரியை நாட்கணக்கில் அப்படியே வைத்தால், தகடுகளில் ஈய உப்பு இறுகி, மீண்டும் சக்தியேறாது. அதனைக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தில், அதாவது 35 ஆம்பியர்–மணிக்கு 3.5 ஆம்பியரில், சார்ஜரால் ஏற்றுக. வெப்பமும் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும். கோடையில் வண்டியை நிழலில் நிறுத்துவது செலவில்லாத பாதுகாப்பு.

7. பழைய பாட்டரி

ஈயம் கொடிய விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. பழைய பாட்டரியின் அமிலத்தை வாய்க்காலிலோ நிலத்திலோ கொட்டுவதும், அதனை உடைத்து வீட்டு முற்றத்தில் ஈயம் உருக்குவதும் ஊரார் அனைவருக்கும் தீங்காகும். இந்தியாவில் 2022-ஆம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தி செய்வோர் மீது சுமத்தியுள்ளன. புதியது வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்துவிடுவதே முறை. ஊருக்குள் ஈயம் உருக்கும் தொழில் நடைபெறாமல் பார்த்துக்கொள்வது கிராம அதிகாரிகளின் விசேஷக் கவனத்துக்குரியது.

மேற்கூறியவற்றின் சாரமாவது: சிவப்பு விளக்கு எரிந்தால் பெல்ட்டைப் பார்க்க, வண்டி கிளம்பாவிடில் முனைகளைப் பார்க்க, பின்னர் ஓய்விலும், ஸ்டார்ட்டர் சுழலும்போதும், இஞ்சின் ஓடும்போதும் ஆக மூன்று முறை அளக்க. இம்மூன்று அளவுகளும் தெரிந்த பின்னரே எப்பாகத்தையும் விலைகொடுத்து வாங்குதல் நலம்.