உதவும் கைகள்

சிரஞ்சீவி மருமகனுக்கு,

பக்கத்துக் குடித்தனத்துப் பெண் ஓயாமல் பிள்ளைகளை வைகிறாள், அடிக்கிறாள், அவள் சுபாவமே கொடியது என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபோது, சென்ற மாதம் உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது கண்ட ஒரு விடியற்காலை என் நினைவுக்கு வந்தது. குழாயடியில் வரிசைக்கு வைத்த குடத்தை விட்டு நகர முடியாமல் அவள் நிற்க, இடுப்புக் குழந்தை அழ, உள்ளே உலை பொங்கி வழிய, பள்ளிக்குப் புறப்பட்ட மூத்தவன் பொத்தான் அறுந்த சட்டையைக் காட்டி நச்சரித்தபோது, அவள் அவனை அறைந்ததை நானும் பார்த்தேன். ஆனால் குடம் நிறைந்ததும் அவனை அணைத்து, முந்தானையால் கண்ணீரைத் துடைத்து, தன் தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அவன் சட்டையில் குத்திவிட்டதையும் பார்த்தேன். கணவன் திருப்பூரில், மாதம் ஒருமுறைதான் வருகிறான்.

அடித்தது சரியென்று நான் சொல்லவில்லை. அதைச் சுபாவ தோஷம் என்று தீர்ப்பளித்துவிடாதே என்றுதான் சொல்கிறேன். ஒத்தாசையின்றித் தவிக்கும் தாயின் மனம் சோர்ந்துபோவதுண்டு. வேலூரை அடுத்த கிராமப் பகுதியில் 359 கர்ப்பிணிகளைக் கொண்டு தொடங்கி, 2002-இல் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் நூற்றுக்கு 11 பேர். அதற்குத் துணைநின்றவை குறைந்த வருமானம், ஆண் மகவை விரும்பியிருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், ஒத்தாசைக்கு ஆளின்மை ஆகியவை. லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து 1978-இல் ஜார்ஜ் பிரௌனும் டிரில் ஹாரிசும் எழுதிய நூலும், மனம்விட்டுப் பேச நெருங்கிய துணையில்லாமையை மனச்சோர்வுக்கு ஒரு முக்கிய காரணமாகக் காட்டிற்று.

வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தால் மட்டும் ஒத்தாசை கிடைத்துவிடாது. மாமியாரும் நாத்தியும் நிறைந்த கூட்டுக் குடும்பத்தில், தன் கைக்கு மாற்றுக் கை இல்லாமல் வாடுபவளும் உண்டு. தனிக் குடித்தனத்தில், கணவன் நீர் சுமந்து தர, அண்டை வீட்டுக் கிழவி குழந்தையை ஏந்திக்கொள்ள, நிம்மதியாக உறங்குபவளும் உண்டு. ஆகையால் ஏழைக் குடும்பத்தின் அமைப்பை அறிய விரும்புகிறவன், அதில் உள்ள தலைகளை மட்டும் எண்ணாமல், உதவும் கைகளையும், பொறுமையாகக் கேட்கும் செவிகளையும் எண்ண வேண்டும்.

நாளை விடியலில் அவள் குடத்துக்கு நீ காவல் நில். இடுப்புக் குழந்தையை உன் அம்மா கால்மணி நேரம் வாங்கிக்கொள்ளட்டும். ஒரு மாதம் இப்படிச் செய்துவிட்டு, அவள் சுபாவத்தைப் பற்றி எனக்கு மறுபடி எழுது.

அன்புள்ள,
மாமா