பொதுக் குளமும் மீன் வளமும்

ஊர்ப் பொதுக் குளத்தின் மீன்பாசியை ஏலத்தில் எடுத்த சங்கத்தார், ஐப்பசி மழையில் குளம் நிரம்பியதும் ஆயிரக்கணக்கில் மீன் குஞ்சுகளை வாங்கி விடுகின்றனர். தை மாதத்தில் மீன் துள்ளுவதைக் கண்டு யாவரும் மகிழ்கின்றனர். பங்குனியில் நீர் முழங்காலளவுக்கு இறங்கிவிடுகிறது. பயிரின் கடைசி நனைப்புக்காக மடை திறக்கப்படுகிறது. மறுநாள் விடியலில், கையகலமே வளர்ந்த மீன்கள் வயிறு மேலாக மிதக்கின்றன. அவற்றை அற்ப விலைக்கு அள்ளிக் கொடுத்த பின்னர், விவசாயி நெசவாளியையும் நெசவாளி விவசாயியையும் குறை கூறிக்கொள்கின்றனர். இக்காட்சியை நாம் ஓர் ஊரில் மட்டும் காணவில்லை. இதனைத் தவிர்க்கும் வழி யாது என்பதே இம்மாதப் பாடம்.

ஆழம் ஏன் வேண்டும்?

கோடை வெயிலும் காற்றும் சேர்ந்து, குளத்தின் மேற்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்கிவிடும். கசிவைக் கணக்கில் சேர்க்காவிடினும், நூறு நாட்களில் இரண்டடி நீர் இவ்வாறே போய்விடுகிறது. மூன்றடி நீருள்ள குளத்தில் எஞ்சுவது ஓரடியே.

அவ்வோரடி நீரும் விரைவில் சூடேறும். சூடேறிய நீரில் பிராணவாயு குறையும். 20 பாகை வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையிலோ ஏழரை மில்லிகிராம்தான். இரவு முழுவதும் மீனும் பாசியும் அழுகும் சேறும் அதனைச் செலவழிக்கின்றன. ஆகவேதான் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அது விளையாட்டன்று, மூச்சுத் திணறல்.

எங்கே, எவ்வளவு தோண்டுவது?

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் குளம் முழுவதையும் அரையடி ஆழப்படுத்த 21,780 கன அடி மண்ணை அகற்ற வேண்டும். அவ்வரையடியில் தேங்கும் நீரைக் கோடை வெயில் இருபத்தைந்து நாட்களில் குடித்துவிடும். அதே அளவு மண்ணைப் பத்துச் சென்ட் பரப்பில் மட்டும் எடுத்தால், அவ்விடம் ஐந்தடி ஆழமுள்ள மடுவாகும். அதில் இரண்டடி ஆவியாயினும் மூன்றடி நிற்கும். உழைப்பு ஒன்றே, பயனில் எவ்வளவு வேறுபாடு!

இதனினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. மடு, மடையின் அடிமட்டத்துக்குக் கீழே அமைவதால், அதிலுள்ள நீர் மடை வழியே வெளியேறாது. விவசாயி தமக்குரிய பாசன நீரை வழக்கம்போல் பெறலாம்; மீனுக்கும் ஒதுங்க இடமிருக்கும்.

தோண்டுவதற்குப் பங்குனி முதல் வைகாசி வரையிலான காலம் ஏற்றது. உரிய அதிகாரிகளின் அனுமதி பெறாமல் மண்ணெடுத்தல் கூடாது. கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். களிமண் படுகையைக் கடந்து மணல் தென்பட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் நீர் கசிந்து போகும். பக்கங்களைச் செங்குத்தாக விடாது சரிவாக அமைத்து, நாற்புறமும் கம்பங்களை நட்டு அடையாளமிட வேண்டும். குளத்தில் குழந்தைகளும் கால்நடைகளும் இறங்குவதை மறத்தலாகாது. குளத்தின் பிற பகுதிகளிலிருந்து மீன்கள் மடுவை அடைய இரண்டு மூன்று வாய்க்கால்களும் வெட்ட வேண்டும். எடுத்த வண்டல் வயலுக்கு நல்ல உரமாகும்.

குஞ்சு விடுமுன்

வற்றிய தரையை வெடிக்கும் வரை காயவிட்டு, ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ சுண்ணாம்பு தூவுதல் பொதுவான முறை. சேற்று நீர் தங்கியிருந்தால் அதில் விராலும் கெளுத்தியும் பதுங்கியிருந்து குஞ்சுகளைத் தின்றுவிடும். நீரை இறைத்துவிடல் நன்று. இயலாவிடில், ஓர் ஏக்கரில் ஓரடி நீருக்குச் சுமார் 300 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு இடலாம். அதன் நஞ்சு நீங்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். பின்னர் அதுவே உரமாகும். அந்நாட்களில் கால்நடைகளை இறக்கலாகாது. பூச்சிமருந்துகளை இதற்குப் பயன்படுத்துதல் பெரும் தீங்கு.

முற்காலத்தில் கெண்டைக் குஞ்சுகளை ஆற்றிலிருந்தே வடித்தெடுக்க வேண்டியிருந்தது. 1957-ஆம் ஆண்டில் கட்டாக்கில் ஹீராலால் சௌதுரியும் கே. எச். அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். அம்முறையின் பயனாகவே இன்று பண்ணைகளில் குஞ்சுகள் கிடைக்கின்றன. கட்லா மேல்நீரிலும், ரோகு இடைநீரிலும், மிர்கால் அடிநீரிலும் இரை தேடும். ஆதலின் இவற்றை 4:3:3 என்னும் விகிதத்தில் விடலாம். நீர் சில மாதங்களே நிற்கும் குளத்துக்கு நான்கு அங்குலம் வளர்ந்த குஞ்சுகளே ஏற்றவை. ஏக்கருக்கு ஆயிரத்தை ஒட்டி விட்டால் போதும். மிகுதியாக விடுவது மிகுதியாகப் பிடிப்பதற்கு வழியன்று. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு தடைசெய்யப்பட்டது. மலிவாகக் கிடைப்பினும் வாங்கலாகாது.

குடிநீர்க் குளமல்லாதவற்றில் சாணத்தைச் சிறுகச் சிறுக இடலாம். அளவறிய எளிய சோதனை உண்டு. கலங்கலில்லாத நாளில் கையை நீரில் அமிழ்த்துக. முழங்கை நனையுமுன் உள்ளங்கை மறைந்தால் உரத்தை நிறுத்துக. முழங்கை அமிழ்ந்த பின்னும் தெளிவாகத் தெரிந்தால் சிறிது இடுக. மாசி முதலே பெரிய மீன்களைப் பிடித்து விற்றுவந்தால் கோடையில் மடுவில் நெரிசல் குறையும்.

நம்முள் ஓர் ஒப்பந்தம்

மடு வெட்டிய பின்னும் அதனை ஓர் ஆயில் எஞ்சின் ஒரே இரவில் பெருமளவு இறைத்துவிடக்கூடும். வயல் காயும்போது மீனுக்காக நீரை விடச் சொல்வது எளிதன்று. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் மனவருத்தமே மிஞ்சும். ஆதலின் இதனைப் பங்குனியில் பேசலாகாது. ஐப்பசியில், குளம் நிறைந்திருக்கும்போதே பேசி, மடுவில் எஞ்சின் வைப்பதில்லை எனத் தீர்மானம் எழுத வேண்டும். மீன் வருவாயில் பாசனக்காரருக்கும் பங்குண்டு என்பதைக் கணக்கில் எழுதிக் காட்டினால் தீர்மானம் நிலைக்கும்.

நெசவாளராகிய நமக்கும் கடமை உண்டு. சாயத் தொட்டியின் கழிவு நீர் ஒரு குடமேனும் குளத்தில் சேரலாகாது. பாவுக்கு இட்ட கஞ்சியின் கழிவும் தீங்கற்றதன்று. அது நீரில் அழுகிப் பிராணவாயுவை உறிஞ்சிவிடும். விவசாயி எஞ்சினைத் தள்ளி வைக்க வேண்டுமானால், நெசவாளி சாயக் கால்வாயைத் திருப்பியாக வேண்டும்.

மீன் விற்ற பணம் முழுவதையும் பங்கிட்டுவிடாது, மடு மீண்டும் தூர்ந்துவிடாமல் காக்க ஒரு பகுதியை ஆண்டுதோறும் ஒதுக்கி வைப்போமாக.

அங்கத்தினர் சிந்தனைக்கு

1. நம் குளத்தில் சித்திரையில் எத்தனை அடி நீர் நிற்கிறது? அளந்தவர் உண்டா?
2. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே மடு வெட்டத்தக்க இடம் எது?
3. குளத்துக்கு வந்து சேரும் கழிவு நீர் எங்கிருந்து வருகிறது?