வேலியோர எருக்கும் ஒன்பதாம் வகுப்பும்

அன்புள்ள தம்பிக்கு,

மருங்காபுரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று கேட்டு மகிழ்ச்சி. "ஒரே பொட்டல்காடு, உயிரியல் நடத்த இங்கே என்ன இருக்கிறது?" என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

உணவுச் சங்கிலி என்றதும் கரும்பலகையில் புல், மான், புலி என்று எழுதாதே. உன் பிள்ளைகளில் எவரும் வீட்டுப் பக்கம் புலியைப் பார்த்ததில்லை. வெட்டுக்கிளியையும் ஓணானையும் வல்லூறையும் பார்த்திருக்கிறார்கள். ஓணான் இத்தனை இருக்க, வல்லூறு ஏன் ஒன்றோ இரண்டோதான் கண்ணில் படுகிறது என்று கேள். வகுப்பு அதைப் பேசித் தீர்த்த பிறகு லிண்டமேன் 1942-இல் சொன்ன பத்து சதவீதக் கணக்கைப் போடு. ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மேலே போகிறது என்பது அப்போது அவர்களுக்கே விளங்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், முதல் பருவம் முழுவதற்கும் எருக்கு ஒன்றே போதும். பிள்ளையார் சதுர்த்திக்கு அதன் பூவை மாலை கட்டும் பிள்ளைகள் இலையைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும் இடம் அது. கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு எருக்கின் நஞ்சை உண்டு தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. கூட்டுப்புழுப் பருவம் தாண்டிச் சிறகு முளைத்த பிறகும் அந்த நஞ்சு போவதில்லை. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அந்த ஆரஞ்சு நிறத்தை மறப்பதுமில்லை. வேடிக்கை இதற்கு மேல்தான். நஞ்சே இல்லாத இன்னொரு இனத்தில் பெண் மட்டும் அச்சு அசலாக இந்த வேடம் கட்டித் திரிகிறது. ஆணோ வெள்ளைப் புள்ளி வைத்த கருப்பு. இத்தகைய போலி வேடத்தை ஹென்றி பேட்ஸ் அமேசான் காட்டில் கண்டு 1862-இல் எழுதினார். நீ பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரத்திலேயே காட்டலாம். உருமாற்றம், தகவமைப்பு, இயற்கைத் தேர்வு எல்லாம் அந்த ஒரு செடியில் இருக்கின்றன. பெயர்களைக் கடைசியில் சொல். தேர்வுக்கு அவை வேண்டும், மறுக்கவில்லை.

ஸ்ரீரங்கம் மேலூரில் 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குச் சுற்றுலா கேட்பார்கள். கூட்டிப் போ, ஆனால் எருக்குப் பாடம் முடிந்த பிறகு.

தேவாங்கையும் விட்டுவிடாதே. மணப்பாறைக்கு மேற்கே, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரந்த கடவூர்ப் பகுதியின் 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபரில் அரசு தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. நாட்டிலேயே அதற்கென்று அமைந்த முதல் சரணாலயம். நீ பொட்டல் என்கிற இதே மாதிரி முள்காட்டில்தான் அது இரவெல்லாம் பூச்சி பிடித்து வாழ்கிறது. அதைப் பார்க்கிறேன் என்று பிள்ளைகளை டார்ச்சோடு கிளப்பிவிடாதே. அந்தப் பெரிய கண்கள் வெளிச்சம் தாங்காது.

இன்னொன்று. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இலையைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். வளாகத் தூய்மைப் பணி என்று யாராவது மண்வெட்டியோடு வந்தால், மூன்று நான்கு செடிகளையாவது விட்டு வைக்கும்படி தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
உன் அண்ணன்